உச்சந்தலைக்கு ஒரு சாட்சி

பீரோ என்பது அவனுக்குப் பெற்றவள் வைத்த பெயர் இல்லை. வீடு மாற்றித் தரும் வேலையில் சேர்ந்த புதிதில், இரும்பு பீரோ ஒன்றை முதுகில் கயிறு கட்டித் தனி ஆளாக மாடிக்கு ஏற்றிவிட்டான். அன்றைக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் அக்கம்பக்கத்துக்குப் போய், கல்யாணத்துக்குப் பிறகு மனைவி வீட்டாருக்கும் போய் ஒட்டிக்கொண்டது. சொந்தமாக லாரி வாங்கித் தொழில் தொடங்கியபோது அவனே அதை லாரியின் நெற்றியில் பெரிதாக எழுதிவிட்டான். சொந்தப் பெயர் அரசாங்கக் காகிதங்களில் பத்திரமாக இருக்கிறது.

அவனுக்கு இரண்டு விஷயத்தில் கர்வம் உண்டு. ஒன்று முதுகு, இன்னொன்று முடி. முதுகு அவனாகச் சம்பாதித்தது. முடி அப்பா கொடுத்தது. அவனுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அப்பா போய்விட்டார். கூடத்துச் சுவரில் இருக்கும் படத்தில் நெற்றிக்கு மேலே அலை அலையாக முடியோடு சிரித்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், அவனைப் பார்ப்பார்கள், "முடி அப்படியே அப்பாதான்" என்பார்கள். மூக்கு அம்மாவுடையது. காது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. அப்பாவிடமிருந்து வந்ததாகக் கையால் தொட்டுப் பார்க்க அவனிடம் இருந்தது அந்த முடி ஒன்றுதான். அதனால் அடிக்கடி தொட்டுப் பார்ப்பான். ஆனால் எல்லாரும் செய்வதுபோல முன்பக்கம்தான்.

இதில் முதுகுதான் முதலில் மக்கர் செய்தது. ஒரு நாள் சலவை இயந்திரம் ஒன்றை இறக்கிவிட்டு நிமிர முடியாமல், குனிந்தபடியே லாரிக்கு நடந்து, குனிந்தபடியே வீட்டுக்கு வந்தான். மகள் அவனைச் சுற்றி வந்து, கீழே எதையோ தேடுகிறார் என்று நினைத்து அவளும் தேடினாள். மனைவிக்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது. அன்றைக்கே தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

அவளுடைய தம்பிக்கு ஊரில் பெயர் மாஸ்டர். டயர் கடைக்கு மேலே ஒரு நீளமான கூடத்தை வாடகைக்குப் பிடித்து உடற்பயிற்சிக் கூடம் வைத்திருந்தான். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, ஒரு சுவர் முழுக்க எடைத்தட்டுகள், மூலையில் ஒரு மின்விசிறி; கீழேயிருந்து ரப்பர் வாசனை இலவசம். மாஸ்டருக்கு இரைந்து பேசத் தெரியாது. அத்தானின் முதுகைத் தொட்டுப் பார்த்து, இத்தனை வருஷமாகத் தூக்கியதெல்லாம் தப்பாகத் தூக்கியது என்று பக்குவமாகச் சொன்னான். இடுப்புக்கும் தொடைக்கும் பயிற்சி கொடுத்தான். கூடவே ஒரு டப்பாவும் கொடுத்தான்.

டப்பாவில் வெள்ளைப் பவுடர். கிரியேட்டின் என்று பெயர். ருசி கிடையாது, மணம் கிடையாது. தண்ணீரில் கலக்கினால் அடியில் மணல் மாதிரி கொஞ்சம் தங்கும். கனமானதைத் தூக்குகிறவர்களுக்குத் தசைக்குக் கொஞ்சம் தெம்பு தரும், அவ்வளவுதான், மந்திரம் ஒன்றும் இல்லை என்று மாஸ்டர் சொன்னான். மந்திரம்தான் என்று பீரோ முடிவு செய்துகொண்டான். முதுகுவலி போயிற்று. பழையபடி பீரோ ஏறியது, இறங்கியது. லாரியில் போகிற வழியெல்லாம் மச்சினன் புகழ்தான். அவன் வாயால் கூடத்துக்குப் பத்துப் பேராவது புதிதாகச் சேர்ந்திருப்பார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கண்ணாடி வந்தது.

ஒரு பெரிய வீடு. படுக்கையறையில் ஆளுயரக் கண்ணாடி வைத்த அலங்கார மேசையை ஏற்கெனவே கொண்டுவந்து சுவரோரம் வைத்தாயிற்று. அடுத்தது கதவில் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த அலமாரி. பீரோ முன்பக்கம் பிடிக்க, கூட்டாளி பின்பக்கம் பிடிக்க, பையப் பைய உள்ளே கொண்டுவந்து மேசைக்கு எதிர்ச் சுவரில் நிறுத்தினார்கள். கூட்டாளி கயிறு எடுக்க வெளியே போனான். அலமாரிக் கதவு லேசாகத் திறந்து கோணலாக நின்றது. பீரோ தலையைத் தூக்கியபோது, எதிரே நீலச் சட்டை போட்ட ஆள் ஒருவன் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். அவர்கள் எல்லாருக்குமே நீலச் சட்டைதான். ஆனால் இவனுக்கு உச்சந்தலையில் டீத்தட்டு வைக்கிற அளவுக்கு ஒரு வெட்டவெளி. நம் ஆட்களில் யாருக்கு இந்தக் கதி என்று பீரோ யோசித்தான். பாவமாகவும் இருந்தது.

"தம்பி, கொஞ்சம் ஒதுங்கிக்கப்பா, கதவு முழுசாத் திறக்கணும்" என்றான்.

ஆள் நகரவில்லை. காது கேட்காதோ என்று பீரோ கையை நீட்டினான். அவனும் நீட்டினான். பீரோ கையைத் தலைக்குக் கொண்டுபோனான். அவனும் கொண்டுபோனான். எதிரெதிரே நின்ற இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே, தன் முதுகுக்குத் தானே வழிகேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது புரிந்தபோது, பீரோவின் விரல்கள் அந்த வெட்டவெளியின் மேல் இருந்தன. வழுவழுவென்று இருந்தது.

அன்றைய மிச்ச வேலையை எப்படி முடித்தான் என்று அவனுக்கே தெரியாது. ஆனால் மூளை மட்டும் நிற்காமல் ஓடியது. அவனுக்கு முடி வெட்டுவது பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதனாக இருக்கும் கத்திரி; அதுவும் ஊர் வைத்த பெயர்தான். முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறான். மாதா மாதம் வெட்டி முடித்து, சின்னக் கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டுவான். போன மாதம்கூடக் காட்டினான். காடு மாதிரி இருந்ததை பீரோ இரண்டு கண்ணாலும் பார்த்தான். ஆக, போன மாதம் காடு, இந்த மாதம் மைதானம். நடுவில் உடம்புக்குள் புதிதாகப் போனது எது? இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று பீரோவுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் மனைவிக்கு முன்னால் தலையைக் கவிழ்த்தான். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் தம்பி கொடுத்த பவுடராயிற்றே, வேறென்ன சொல்வாள் என்று அவன் நினைத்தான். டப்பாவை எடுத்துப் போய்த் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டான். அம்மாவிடம் மூச்சுவிடக் கூடாது என்று மனைவியிடமும் மகளிடமும் கண்டிப்பாகச் சொன்னான். அம்மாவுக்கு முழங்கால் வலி, வெளியே அதிகம் போகமாட்டாள். அப்பா முடி போய்விட்டது என்று தெரிந்தால் தாங்கமாட்டாள் என்று அவன் பயந்தான். வீட்டுக்குள்ளேயே தொப்பி போட ஆரம்பித்தான். ஜலதோஷமா என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றான்.

அம்மாவிடம் மூடிய வாய் மற்ற எல்லா இடத்திலும் திறந்துகொண்டது. சாதாரண ஆள் ஒரு வதந்தியைக் கிளப்பினால் ஒரு தெருவோடு நின்றுவிடும். பீரோ வீடு மாற்றுகிறவன். காலையில் பழைய வீட்டில் கட்டும்போது ஒரு தரம் சொல்வான், சாயங்காலம் புது வீட்டில் இறக்கும்போது இன்னொரு தரம் சொல்வான். நாளுக்கு இரண்டு தெரு. ஆதாரம் வேண்டுமா என்று கேட்டுத் தொப்பியைக் கழற்றிக் காட்டினான். அதைப் பார்த்த பிறகு யார் பவுடர் குடிப்பார்கள்?

கூடத்தில் இளவட்டங்கள் எடை தூக்குவதை விட்டுவிட்டுக் கண்ணாடி முன் நின்று வகிடு பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவன் தலையணையில் கிடந்த முடிகளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து மாஸ்டரிடம் நீட்டினான். தலை என்று இருந்தால் நாளும் கொஞ்சம் உதிரத்தான் செய்யும் என்று மாஸ்டர் சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொருவராக வருவது நின்றது. பவுடர் டப்பாக்கள் அலமாரியில் அடுக்கிய மேனிக்கு அப்படியே இருந்தன.

மனைவி கத்துகிற ரகம் இல்லை. பாத்திரத்துக்கு மூடி போடும்போது மட்டும் கொஞ்சம் அழுத்திப் போடுவாள். அந்த வாரம் வீட்டில் மூடிச் சத்தம் ஓயவில்லை. கடைசியில் அவனை இழுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போனாள்.

மருத்துவர் நிதானமான பெண்மணி. சின்ன விளக்கு வைத்த பூதக்கண்ணாடியால் அவன் உச்சந்தலையை வயல் அளப்பது மாதிரி ஓரம் ஓரமாகப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு விளக்கினார். கிரியேட்டினைப் பற்றி இந்தப் பயம் வந்ததற்குக் காரணம் பழைய, சின்ன ஆய்வு ஒன்று. அதில் யாருடைய முடியையும் பார்க்கவில்லை. ரத்தத்தில் ஒரு ஹார்மோன் கொஞ்சம் கூடியதாக மட்டும் சொன்னார்கள். பின்னால் முடியையே பார்த்து நடத்திய ஆய்வில், குடித்தவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இன்னும் நீண்ட காலம் பார்த்தால்தான் அடித்துச் சொல்ல முடியும், ஆனால் இப்போதைக்கு அதன்மேல் பழி போட ஆதாரம் இல்லை. தசையை ஊதவைக்கப் போட்டுக்கொள்ளும் ஹார்மோன் மாத்திரையும் ஊசியும் வேறு கதை. வழுக்கை விழுகிற வம்சமாக இருந்தால் அவை சீக்கிரம் விழவைத்துவிடும். பட்டினி கிடந்து அவசரமாக இளைத்தாலும் முடி கொட்டும், ஆனால் அது தலை முழுக்கக் கொட்டும், இப்படி உச்சியில் மட்டும் வட்டம் போடாது.

"இது பரம்பரையா வர்றதுங்க. ஒரு மாசத்துல வந்தது இல்ல, பல வருஷமா மெதுவா வந்திருக்கு" என்றார்.

இந்த இடத்தில்தான் பீரோவுக்கு மருத்துவர் மேல் இருந்த மரியாதை போயிற்று. போன மாதம் கண்ணால் பார்த்திருக்கிறான். அப்பா படம் சுவரில் இருக்கிறது, அலை அலையாக. பரம்பரையாம். படித்தவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டால் பிறகு இறங்கி வரத் தெரியாது என்று வீடு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்து மாஸ்டரே வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தீயணைப்பு நிலையத்து ஆட்கள் எல்லாரும் காலை நேரத்தில் அவனுடைய கூடத்தில் பயிற்சி செய்யலாம் என்று ஒரு பேச்சு. அவர்கள் வந்தால் கூடம் நிமிர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை நிலைய அதிகாரி நேரில் பார்க்க வருகிறார். ஆனால் பவுடர் சமாச்சாரம் அவர் காதுக்கும் எட்டிவிட்டது. அவர் வேண்டாம் என்றால் கூடத்தை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போவதைத் தவிர வழியில்லை என்று மாஸ்டர் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"உங்களுக்கு நான் கெடுதல் பண்ணுவேனா அத்தான்?"

பீரோவுக்கு அவன் மச்சினன் என்றாலும் தோளில் தூக்கி வளர்த்த பையன் மாதிரி. "தெரியாம நடந்திருக்கும் மாப்ள. ஆனா நடந்தது நடந்ததுதானே. இன்னொருத்தன் தலையும் இப்படி ஆகட்டும்னு நான் சும்மா இருக்க முடியுமா?" என்றான்.

மாஸ்டர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். கோபத்தில் சொன்னது என்று ஒரு வார்த்தை அந்த அதிகாரியிடம் சொல்லிவிட்டு வாருங்கள் என்று மனைவி கேட்டாள். அவன் பொய் சொல்ல மாட்டான். மச்சினன் பிழைப்பைக் கெடுக்கவும் அவனுக்கு மனம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் அவனுக்கு ஒரே ஒரு நியாயம் தெரிந்தது. சாட்சியோடு போவது, சபையில் சொல்வது, பவுடரை மட்டும் விட்டுவிட்டுக் கூடத்தை நடத்தச் சொல்வது. சாட்சி யார் என்று மனைவி கேட்டாள். கத்திரி என்றான்.

அவள் முகம் சட்டென்று மாறியது. "அவரை எதுக்கு இதுல இழுக்கறீங்க?" என்றாள். உண்மை வெளியே வந்துவிடும் என்று பயப்படுகிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். அது என்னவோ சரிதான்.

பீரோ கடைக்குப் போனபோது கத்திரி ஒரு வாடிக்கையாளரின் கிருதாவை நேர் செய்துகொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் இருக்கும் என்றான். அரை மணி நேரம் போதும் என்றான் பீரோ. ஞாயிற்றுக்கிழமை தனக்கு உடம்பு சரியிருக்காது என்றான் கத்திரி. இன்றைக்கே எப்படித் தெரியும் என்று பீரோ கேட்டான்.

"ஒண்ணுமில்லடா. பவுடருக்கு முன்னாடி என் தலை எப்படி இருந்துச்சுன்னு சொல்லு, போதும். உண்மையைத்தானே சொல்லப்போற?"

கத்திரி குனிந்து சீப்பை எடுத்து, ஊதி, நீண்ட நேரம் துடைத்தான். "வர்றேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் பளபளவென்று இருந்தது. மாஸ்டர் எடைத்தட்டுகளைக்கூட ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்திருந்தான். மிச்சமிருந்த பயிற்சிக்காரர்கள் சுவரோரம் நின்றார்கள். அக்காவும் வந்து தம்பி பக்கத்தில் நின்றுகொண்டாள். அதிகாரி சீருடையும் தொப்பியுமாக வந்து, எல்லாவற்றையும் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கயிறு கட்டிய கம்பியை இழுத்துப் பார்த்தார். திருப்தியாகத்தான் இருந்தது. கடைசியில் அலமாரிப் பக்கம் வந்து, டப்பா ஒன்றை எடுத்துத் திருப்பி, "இதைப் பத்தித்தான் ஊரே பேசுதாமே" என்றார்.

பீரோ முன்னே வந்தான். நீதிமன்றத்தில் நிற்பது மாதிரி கை கட்டிக்கொண்டு, மச்சினன் நல்லவன், அவன் பயிற்சியில் குறை இல்லை, பவுடர் மட்டும்தான் வில்லன் என்று சொன்னான். தொப்பியைக் கழற்றித் திரும்பி நின்று காட்டினான். சுவரோரம் ஒருவன் தன் தலையைத் தடவிக்கொண்டான். பிறகு பீரோ கத்திரியைக் கையைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"இவன்தான் எனக்கு எப்பவும் முடி வெட்டுறவன். டேய், சொல்லு. போன மாசம் நீ கண்ணாடி பிடிச்சுக் காட்டினப்போ இந்த ஓட்டை இருந்துச்சா?"

கத்திரி பையைத் திறந்தான். துண்டில் சுற்றிய கைக்கண்ணாடியை எடுத்தான். பீரோவைத் தோளைப் பிடித்துச் சுவர்க் கண்ணாடிக்கு எதிரே நிறுத்தினான். பின்னால் போய், மாதா மாதம் செய்வது போலவே, கைக்கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, கொஞ்சம் சாய்த்துப் பிடித்தான்.

"என்ன தெரியுது?"

பிடரி தெரிந்தது. இரண்டு காதுக்கும் நடுவே அடர்த்தியாக, கருகருவென்று முடி. பீரோவுக்கே ஒரு நிமிஷம் சந்தோஷமாகிவிட்டது. "காடுடா" என்றான்.

"இதைத்தான் மாசாமாசம் காட்டறேன். இப்பப் பாரு." கத்திரி கண்ணாடியை மேலே தூக்கி நேராகப் பிடித்தான். அலங்கார மேசைக்கு எதிரே நின்ற அந்த நீலச்சட்டைக்காரன் திரும்பி வந்துவிட்டான்.

பீரோ கையைத் தூக்கி உச்சியை மூடினான்.

"எப்பலேர்ந்துடா?" என்று கேட்டான் பீரோ. குரல் சன்னமாக வந்தது.

"உன் பொண்ணு பிறக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுச்சு. அவ இப்போ பள்ளிக்கூடம் போறா. பவுடர் நேத்து வந்தது." கத்திரி கண்ணாடியை இறக்கித் துண்டால் துடைத்தான். "கடைக்கு வர்றவங்க யாருக்கும் உச்சியை நேராக் காட்ட மாட்டோம். தொழில் பழக்கம். மனுஷன் சந்தோஷமா எழுந்து போகணும்ல. ஆனா உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். முதல்ல கவனிச்ச அன்னிக்கு வாயைத் திறந்தேன். நீ முன்னாடி கண்ணாடியைப் பாத்துட்டு, 'எங்கப்பா மாதிரியே இருக்கேன்லடா'ன்னு கேட்டே. அப்புறம் எனக்கு வாய் வரல. கை தானா சாஞ்சுடுச்சு."

பீரோவுக்கு அவனை அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. எதையும் செய்யாமல் நின்றான்.

அப்போது அதிகாரி தன் தொப்பியைக் கழற்றினார். உள்ளே ஒரு முடிகூட இல்லை. ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழுந்து கூரையில் பட்டது. "நான் வாழ்க்கையில டீத்தூளைத் தவிர எதையும் கலக்கிக் குடிச்சதில்லைங்க" என்றார்.

முதலில் சிரித்தது பீரோதான். பிறகு கூடம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அதிகாரி மாஸ்டரிடம் ஊசி, மாத்திரை என்று வேறு ஏதாவது விற்கிறானா என்று நேரடியாகவே கேட்டார். அப்படி ஒரு பெட்டியோடு படியேறி வந்த ஆளைப் பெட்டியோடு படியிறக்கி விட்டதை மாஸ்டர் சொன்னான். அது முடியோடு நிற்காது, ஈரலையும் இதயத்தையும் பிடித்துக்கொள்ளும் என்றான். இந்தப் பவுடர்கூட எல்லாருக்கும் தேவையில்லை, கேட்டால்தான் கொடுப்பேன் என்றான்.

பீரோ மச்சினன் முன்னால் போய் நின்றான். பெரிய உடம்பை எங்கே வைப்பது என்று தெரியாதவன் போல நின்றான். "மாப்ள, தப்பு என்னோடது. எந்தெந்தத் தெருவுல சொன்னேனோ அந்தந்தத் தெருவுல லாரியை நிறுத்தி மாத்திச் சொல்றேன்" என்றான். அதிகாரியிடம் திரும்பி, "என் முதுகை நிமிர்த்தினது இவன்தாங்க. தலை என் வீட்டு விவகாரம்" என்றான்.

தீயணைப்பு ஆட்கள் திங்கட்கிழமையிலிருந்தே வருவார்கள் என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டர் அத்தானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை.

வீட்டுக்கு நடந்தே வந்தார்கள். தொப்பியை அவன் கையில் வைத்துக்கொண்டிருந்தான். உச்சந்தலையில் வெயில் பட்டது. இத்தனை நாளும் பட்டுத்தான் இருக்கும், இன்றைக்குத்தான் தெரிந்தது. பாதி வழியில் மனைவியைக் கேட்டான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தினமும் காலையில உங்களுக்குத் தலை சீவி விடறது யாரு?" என்றாள்.

அவன் நின்றுவிட்டான். ஆமாம், அவள்தான். மகள் பிறந்த சமயத்திலிருந்து, அவன் வேலைக்குக் கிளம்பும்போது, இருங்க இருங்க என்று சீப்போடு வந்து, பக்கவாட்டிலிருந்து முடியை இழுத்து உச்சியில் படிய வைத்து, கையால் ஒரு தட்டு தட்டி அனுப்புவாள். அந்த ஒரு தட்டுக்காகவே அவன் தினமும் சீவாமல் உட்கார்ந்திருப்பான். கூட்டாளிகளிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

"அப்ப அது ஓட்டையை மூடத்தானா? நான் ஆசையிலனு இல்ல நெனச்சேன்."

"ஆசை இல்லாமலா இத்தனை வருஷமா வழுக்கையைச் சீவறேன்?" என்றாள் அவள். சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அவன் எட்டிப் பிடித்துக்கொண்டான்.

மிச்சமிருந்தது அம்மா. வீட்டுக் கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பேத்தியின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவன் போய்க் காலடியில் தரையில் உட்கார்ந்தான். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்ததை எல்லாம் மறந்துவிட்டு, தலையைக் கவிழ்த்துக் காட்டினான்.

"அப்பா முடி போயிடுச்சும்மா."

அம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். விரலால் அந்த வட்டத்தைத் தொட்டாள். தேடித் தொடவில்லை, நேராக அங்கேயே போய்த் தொட்டாள்.

"எங்க போச்சு? உங்கப்பாவுக்கும் இதே இடத்துலதான் விழுந்துச்சு."

அவன் சுவரைப் பார்த்தான். அலை அலையாக முடியோடு அப்பா சிரித்தார். "படத்துல இல்லையே?"

"படம் எடுத்தவர் முன்னாடிதானேடா நின்னாரு. பின்னாடி நின்னு பாத்தது நான் ஒருத்திதான்." அவள் விரல் அந்த வட்டத்தின் ஓரமாக மெதுவாகச் சுற்றி வந்தது. "அவருக்குத் தெரியவே தெரியாது. நானும் சொல்லல. தினமும் நானே சீவி விட்டுடுவேன்."

அடுப்படி வாசலில் மனைவி நின்றுகொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும் போல இருந்தது; பார்க்காமலேயே வந்துவிட்டது. இத்தனை வருஷம் முன்பக்கத்தையே தொட்டுக்கொண்டிருந்தான். அப்பா பின்பக்கத்திலும் இருந்திருக்கிறார்.

எழுந்து போய்ப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, ஒரு நப்பாசையில் திருப்பிப் பார்த்தான். பின்னால் அட்டைதான் இருந்தது. தூசியைத் துடைத்து மறுபடி மாட்டினான். இன்னும் ஜலதோஷம் இருக்கிறதா என்று அம்மா கேட்டாள். போய்விட்டது என்றான்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது அவனாகவே இரண்டு கையாலும் தலையைக் கோதிவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தான். மனைவி சீப்போடு நின்றாள். இனிமேல் எதற்கு, ஊருக்கே தெரிந்துவிட்டதே என்றான்.

"பேசாம உட்காருங்க" என்றாள் அவள்.

அவன் உட்கார்ந்து தலையைக் கொடுத்தான்.